வாசலில் கட்டிய வெள்ளை வெளிச்சம்

கரண்ட் திரும்பி வந்த நொடியில்தான் அந்த யோசனை எனக்குத் தோன்றியது.

ஆடிக் காற்று ஊரையே தூக்கிக்கொண்டு போவதுபோல அடித்த ஒரு சாயங்காலம். கொடியில் கிடந்த துணிகளைக் காற்று பறிப்பதற்குள் உருவிவிட மாடிக்கு ஓடியிருந்தேன். சங்கரன்கோவில் முழுக்க இருட்டு. தெற்கே வெகுதூரத்தில் காற்றாலைகளின் சிவப்பு விளக்குகள் மட்டும் விட்டுவிட்டு மின்னின. கரண்ட் விளைகிற காட்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு கரண்டுக்குக் காத்திருக்கிறோமே என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

திடீரென்று தெருவில் பிள்ளைகளின் சத்தம். "வந்துட்டு! வந்துட்டு!"

வீடு வீடாக வெளிச்சம் எழுந்தது. எல்லாம் வெள்ளை. சில வீடுகளில் லேசாக நீலம் கலந்த வெள்ளை. குனிந்து எங்கள் வீட்டைப் பார்த்தேன். எங்கள் ஜன்னல் வழியாகத் தெருவில் விழுந்த வெளிச்சம் மட்டும் மஞ்சள்.

ஈரம் காயாத போர்வையோடு அப்படியே நின்றேன். மொத்தத் தெருவும் எல்.இ.டி.க்கு மாறிவிட்டது. பிசிக்ஸ் படித்தவள் இருக்கிற வீடு மட்டும் இன்னும் குண்டு பல்பில் ஓடிக்கொண்டிருக்கிறது!

போன வாரம் இதே பகுதியில், மாடித் தோட்டத்துக் கத்தரிச் செடிகள் என் கையில் பட்ட பாட்டைப் படித்தவர்களுக்கு, அடுத்து நான் சும்மா இருந்திருக்க மாட்டேன் என்பது தெரியும்.

விற்காத சரக்கு

எங்கள் வீட்டில் குண்டு பல்பு எரிந்ததற்குக் காரணம் பழமைப் பற்று இல்லை. அப்பாவின் பலசரக்குக் கடை.

கடையில் எது விற்காதோ அது வீட்டுக்கு வரும். வாசனை போன சோப்பு, நமுத்த ஊதுபத்தி, கம்பெனி நிறுத்திவிட்ட பற்பசை. நாங்கள் வளர்ந்ததே இப்படித்தான். எல்லோரும் எல்.இ.டி.க்கு மாறியதும், கடை மச்சில் இரண்டு பெரிய அட்டைப்பெட்டி நிறைய குண்டு பல்புகள் தங்கிப்போயின. அப்பா அவற்றை வீட்டுக்குக் கொண்டுவந்து பரணில் ஏற்றினார். ஒன்று பியூஸ் ஆனால் இன்னொன்று. தீரவே தீராது போலிருந்தது.

"எப்பா, அறுபது வாட்டு பல்பு செய்யிற வேலைய ஒம்பது வாட்டு எல்.இ.டி. செய்யும். மிச்சமெல்லாம் சூடாத்தான் போவுது. நாம வெளிச்சத்துக்குக் கரண்டு எரிக்கல, வீட்டச் சூடாக்குததுக்கு எரிக்கோம்."

"அந்தப் பெட்டி தீரட்டும்."

"அது தீருததுக்குள்ள எனக்குக் கல்யாணமே ஆயிரும்."

இதைச் சொல்லியிருக்கக் கூடாது. கல்யாணம் என்ற வார்த்தை எங்கள் வீட்டில் அப்போது யாரும் தொடாத வார்த்தை. அப்பா எழுந்து உள்ளே போய்விட்டார்.

பிஸ்கட் பெட்டிக்குள் ஒரு பல்பு

அக்காவைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும்.

அவள் பெயர் கோமதி, எங்கள் ஊர் அம்மனின் பெயர். எங்கள் ஊரில் தெருவில் நின்று அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் நாலு வீட்டிலிருந்து எட்டிப் பார்ப்பார்கள். எனக்கு ஐந்து வயது மூத்தவள். இரண்டு மூன்று வருஷத்துக்கு முன்னால் ஜெபராஜ் அத்தானைக் கல்யாணம் செய்துகொண்டாள். அத்தான் கரிவலம்வந்தநல்லூர்க்காரர். வீடுகளுக்குக் கேமராவும் ஏ.சி.யும் மாட்டித் தருகிற வேலை. அவர்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள். நாங்கள் கோயிலுக்குப் போகிறவர்கள். அப்பாவுக்கு முகம் திருப்ப அது போதுமாக இருந்தது.

அன்றிலிருந்து அப்பா அவளோடு பேசவில்லை. சண்டை போடவில்லை, திட்டவில்லை. அதுதான் கஷ்டம். திட்டியிருந்தால் என்றைக்காவது ஆறியிருக்கும்.

குண்டு பல்பு என்றாலே எனக்கு அக்காதான் ஞாபகம் வருவாள். சின்ன வயதில் ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் சாயம் ஏற்றிய கோழிக்குஞ்சு விற்பார்கள். பச்சை, ரோஸ், ஊதா. அடம்பிடித்து அரை டஜன் வாங்கினோம். அக்கா கடையிலிருந்து பிஸ்கட் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து, அதில் ஓட்டை போட்டு ஒரு குண்டு பல்பைத் தொங்கவிட்டாள். குஞ்சுகள் எல்லாம் அதன் அடியில் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நின்றன. பெட்டிக்குள்ளிருந்து சூடான அட்டை வாசமும் தவிட்டு வாசமும் வரும். அக்கா அடிக்கடி கையை உள்ளே விட்டு, சூடு கூடிவிட்டதா என்று பார்ப்பாள்.

"இதுகளுக்கு அம்மா இந்த பல்புதாம்ட்டி" என்பாள்.

ஒரே மாதத்தில் சாயம் உதிர்ந்து எல்லாம் சாதாரண வெள்ளைக் கோழிகளாகிவிட்டன. பிறகு அம்மா அவற்றை என்ன செய்தாள் என்று இங்கே எழுத வேண்டாம்.

இப்போது அக்கா இருப்பது ராஜபாளையம் ரோட்டுப் பக்கம், ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு. நடுவில் காலி மனைகளும் கருவேலமும்தான். எங்கள் மாடியிலிருந்து பார்த்தால் அவள் மாடித் தண்ணீர்த் தொட்டி தெரியும். ஒரே ஊர். பேச்சு மட்டும் இல்லை. அம்மாவும் நானும் போனில் பேசுவோம். அதுவும் அப்பா கடைக்குப் போன பிறகு.

போன வருஷம் அப்பாவுக்கு நெஞ்சு அடைத்து, திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் ஸ்டென்ட் வைத்தார்கள். அக்கா ஓடிவந்து வராந்தாவில் அம்மாவின் தோளில் சாய்ந்தபடி உட்கார்ந்திருந்தாள். அப்பாவை ஐ.சி.யு.விலிருந்து வார்டுக்கு மாற்றுகிறார்கள் என்றதும் அம்மாவே அவளை எழுப்பினாள்.

"நீ பொறப்படும்மா. அவரு உன்னைப் பாத்து பதறிட்டாருன்னா என்ன செய்ய?"

அக்கா பையை எடுத்துக்கொண்டு லிஃப்டைக்கூடத் தேடாமல் படியில் இறங்கிப் போனாள். அப்பாவை அவள் பார்க்கவே இல்லை.

விளக்கு வைக்கிற நேரம்

அப்பாவைச் சம்மதிக்க வைத்தது அம்மாதான். பரண் அடைத்துக் கிடப்பது அவளுக்குத் தாங்கவில்லை. "அந்தப் பெட்டிய எறக்குததுன்னா எந்த பல்ப வேணும்னாலும் மாட்டுங்க" என்றாள்.

ஆனால் அவளுக்கும் ஒரு சந்தேகம் இருந்தது. எங்கள் வீட்டில் பொழுது சாய்ந்து முதல் லைட்டைப் போட்டதும் அம்மா ஸ்விட்சிலிருந்து கையை எடுத்து பல்பைப் பார்த்துக் கும்பிடுவாள். நானும் கும்பிடுவேன், பழக்கம். ஒரு நொடிதான். பிறகு டி.வி. சத்தம் ஆரம்பமாகிவிடும்.

"வெள்ளையா எரிஞ்சா ஆஸ்பத்திரி மாரில்லா இருக்கும். அதப் பாத்து எப்படிட்டி கும்பிட?"

"மஞ்சள்லயும் எல்.இ.டி. இருக்கும்மா. பொறு, ஒவ்வொண்ணா பாப்போம்."

உண்மையில் எனக்கு வெள்ளைதான் பிடித்திருந்தது. படிப்பதற்குச் சுகம். வெள்ளையில் சில பல்புகளும், இரண்டு நீளக் குழல் லைட்டுகளும் வாங்கிவந்தேன். பரீட்சைக்குப் படிக்க வேண்டிய ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மெயினை நிறுத்திவிட்டு ஸ்டூலில் ஏறினேன்.

முதலில் அடுப்படி. சுலபம். அடுத்து ஹால். அங்கேதான் வந்தது வினை. வருஷக்கணக்காகக் குண்டு பல்பின் சூட்டில் வெந்துபோயிருந்த பழைய ஹோல்டர் என் கையிலேயே பொடியாக உதிர்ந்தது. உள்ளே ஒயரின் ரப்பரும் மொறுமொறு என்று உடைந்தது. டேப்பைச் சுற்றிச் சமாளித்துவிடலாம் என்று நினைத்து மெயினைப் போட்டேன். "பட்" என்றது. ஒரு கருகல் வாசம். வீடு மொத்தமும் போயிற்று.

எலெக்ட்ரீசியன் போனில் நிதானமாகச் சொன்னார். "இனி காலையிலதாம்மா. யாரும் எதையும் தொட்டுராதீங்க. முக்கியமா நீ."

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. உள்ளே இருட்டு, புழுக்கம். எனக்கு உடனே அடுத்த யோசனை. எதிர்வீட்டுச் செல்லம்மா அத்தையிடம் கேட்டு, அவர்கள் வீட்டுப் பிளக்கிலிருந்து ஒரு நீள ஒயரை இழுத்தேன். புதுக் குழல் லைட்டுகள் இரண்டையும் வாசல் கேட்டின் இரண்டு பக்கமும் சணல் கயிற்றால் கட்டினேன். உள்ளேயிருந்த பிளாஸ்டிக் சேர்களைத் தூக்கி வெளியே வரிசையாகப் போட்டேன்.

ஸ்விட்சைப் போட்டதும் தெருவே பளீரென்றது. அம்மா பழக்கத்தில் கையைக் கூப்பினாள். அப்பா, காற்றுக்குத் துண்டைத் தலையோடு சுற்றிக்கொண்டு, கேட்டுக்குப் பக்கத்துச் சேரில் உட்கார்ந்தார். "நல்லாத்தான் எரியுது" என்றார். அவர் வாயால் அப்படி ஒரு வார்த்தை! எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"எப்பம்?"

முதலில் ஒரு பைக் மெதுவாகி, ஓட்டியவர் எங்களைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போனார். எனக்குப் புரியவில்லை. பிறகு இரண்டு வீடு தள்ளி யாரோ டி.வி. சத்தத்தைக் குறைத்தார்கள். அதுவும் புரியவில்லை.

அப்புறம் வந்தார் முருகையா. மேலநீலிதநல்லூரிலிருந்து அப்பாவின் கடைக்கு வருகிற வாடிக்கைக்காரர். வண்டியைத் தூரத்திலேயே நிறுத்திவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, அடிமேல் அடி வைத்து வந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். சேரில் உட்கார்ந்திருந்தவரின் முகத்தைப் பார்க்காமல், தணிந்த குரலில் கேட்டார்.

"எப்பம்?"

அப்பா துண்டுக்குள்ளிருந்து நிமிர்ந்தார். "எது எப்பம்?"

முருகையா ஒரு குதி குதித்தார். "அண்ணாச்சி! நீங்களா!"

"பின்ன யாரு?"

"இல்ல, பஸ்ஸ்டாண்டுப் பக்கம் போறேன்... வீட்டுக்குள்ள இருட்டா கெடக்கு, வாசல்ல டியூப் லைட்டு, சேரு... நேத்துகூட நமக்குப் பருப்பு நிறுத்துக் குடுத்த மனுசனாச்சே, இப்படி ஆயிட்டேன்னு..." அவருக்கு நிஜமாகவே கண் கலங்கியிருந்தது.

அப்பா சிரித்தார். "வே, நான் போனா கடையில போர்டு எழுதி வச்சிட்டுல்லா போவேன்! சொல்லாம போயிருவனா?"

அம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. எனக்கும். எங்கள் ஊர்ப்பக்கம் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் முதலில் செய்வது இதைத்தான். வாசலில் வெள்ளைக் குழல் லைட் கட்டி, சேர் போடுவது. தூரத்திலிருந்து அந்த வெளிச்சத்தைப் பார்த்தே துட்டி வீடு எதுவென்று கண்டுபிடித்து வந்துவிடுவார்கள். யாரிடமும் வழி கேட்க வேண்டாம்.

"ஏட்டி பாவி! துட்டி வீட்டு லைட்டுல்லா கட்டி வச்சிருக்க! கழத்துட்டி மொதல்ல!"

செல்லம்மா அத்தை எதிர்வாசலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "மதினி, காப்பி போடவா? வாரவங்களுக்கு வேணும்லா!"

நானும் சிரித்துக்கொண்டேதான் முதல் கயிற்றில் கை வைத்தேன். அப்போது தெருமுனையில் அந்தச் சத்தம் கேட்டது.

இருட்டுக்குள் ஓடியவள்

"எப்பா... எப்பா..."

அக்கா. தலைமுடி அவிழ்ந்து, செருப்பில்லாமல், நைட்டிமேல் ஒரு துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு நடுத்தெருவில் ஓடிவந்தாள். அந்த ஓட்டத்தில் அவளுக்கு யாரும் கண்ணில் படவில்லை. துண்டு சுற்றிய அப்பாவைத் தாண்டி, அம்மாவைத் தாண்டி, கேட்டைத் தள்ளிக்கொண்டு நேரே ஹாலுக்குள் போய்விட்டாள். கிடத்தியிருப்பது அங்கேதான் என்று நினைத்திருக்கிறாள்.

உள்ளே இருட்டு. ஸ்டூலில் மோதி விழுகிற சத்தம் கேட்டது.

நான் கயிற்றைப் பிடித்தபடியே நின்றேன். அப்பாதான் எழுந்தார். துண்டை அவிழ்த்துக்கொண்டே படியேறி, ஹால் வாசலில் நிலையைப் பிடித்து நின்றார். வெளியே எரிந்த வெள்ளை வெளிச்சத்தில் அவர் நிழல் உள்ளே நீளமாக விழுந்தது.

"நான் இங்கனதான இருக்கேன்" என்றார்.

உள்ளே அழுகை நின்றது.

"செருப்பு எங்கட்டி? இப்படியா ஓடியாருவ? தெருவெல்லாம் கருவமுள்ளு கெடக்கு."

இத்தனை வருஷம் கழித்து அவளோடு பேசிய முதல் பேச்சு அது. அக்கா தரையில் உட்கார்ந்தபடியே அவரைப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் போய் நின்ற என் காலில் ஓங்கி ஒரு அடி போட்டாள்.

"போன எடுக்க மாட்டியாட்டி நீ? எத்தன தடவ அடிச்சேன்!"

என் போன் காலி அட்டைப்பெட்டிகளுக்கு அடியில் கிடந்தது. அம்மாவின் போன் சார்ஜ் இறங்கிக் கிடந்தது. அப்பாவின் போனுக்கு அவள் எப்படி அடிப்பாள்?

அம்மா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். அக்கா குடித்துக்கொண்டே அண்ணாந்து பார்த்தாள். மேலே ஹோல்டர் இருந்த இடத்தில் இரண்டு ஒயர்கள் தொங்கின.

"எல்லா பல்பையும் கழத்திட்டியா?"

"ஆமாக்கா."

"திரும்ப மாட்டும்போது மஞ்சளாவே போடுட்டி. அங்கன எங்க மாடியில நின்னு பாத்தா, இந்த வரிசையில இந்த ஒரு வீடுதான் மஞ்சளா தெரியும். துணி எடுக்கப் போறப்பம்லாம் பாப்பேன். இன்னிக்குப் பாக்கேன், மஞ்சளக் காணும். வாசல்ல வெள்ளையா ரெண்டு எரியுது..."

அக்கா துப்பட்டா முனையால் முகத்தைத் துடைத்தாள். அப்பா நிலையை விட்டு நகரவே இல்லை. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார்.

நான் மாடியில் நின்று அவள் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்த சாயங்காலங்களில், அவளும் அங்கே நின்று எங்கள் ஜன்னலைப் பார்த்திருக்கிறாள். ஒரு தடவைகூடப் போனில் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை.

சொல்லாத ஒரு வார்த்தை

வெளியே ஜெபராஜ் அத்தான் பைக்கை நிறுத்திவிட்டு நின்றார். அக்கா வழியில் உதறிவிட்டு ஓடிய செருப்புகளைப் பொறுக்கிவந்து கையில் வைத்திருந்தார். பளீரென்ற அந்த லைட்டுக்கு அடியில், காலிச் சேர்களுக்கு நடுவில், ஒரு ஜோடிச் செருப்போடு ஒரு மனிதர்.

"வாங்க அத்தான்" என்றேன்.

சிரித்தார். ஆனால் கேட்டைத் தாண்டவில்லை. என் "வாங்க" செல்லாது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வாசலுக்கு வந்தவர் எதிரியாக இருந்தாலும் வீட்டு ஆள் "வாங்க" என்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் அது மரியாதைகூட இல்லை, மூச்சு விடுவது மாதிரி. முருகையாவுக்குக் கடையில் கிடைக்கும். பால்காரருக்குக் கிடைக்கும். அத்தானுக்குக் கிடைக்கவில்லை.

அப்பா அவரைப் பார்த்தார். அவர் கையிலிருந்த செருப்பைப் பார்த்தார். வாய் லேசாகத் திறந்ததுபோல எனக்குத் தோன்றியது. பிறகு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அக்கா படியில் கொஞ்சம் நின்றாள். "இரு" என்று ஒரு சொல் வரும் என்று நின்றாள். காற்று மட்டும் அடித்தது. அத்தான் குனிந்து செருப்பை அவள் காலடியில் வைத்தார்.

"வாரேம்ப்பா."

"ம்."

பைக் தெருமுனை திரும்பியதும் நான் மறுபடி கயிற்றை அவிழ்க்கப் போனேன். அம்மா அழுதுகொண்டே, சீக்கிரம் கழற்று என்றாள்.

"கழத்தாத" என்றார் அப்பா. "அவ வீட்டுக்குப் போய்ச் சேரட்டும். அங்கனருந்து இந்தப் பக்கம் பாப்பா, இருட்டா கெடக்க வேண்டாம்."

தூரத்திலிருந்து பார்த்தால்

மறுநாள் எலெக்ட்ரீசியன் வந்து ஒயரை மாற்றினார். நான் வாங்கிய வெள்ளை பல்புகளைக் கொண்டுபோய் மாற்றி, மஞ்சள் எல்.இ.டி. வாங்கிவந்தேன். வெளிச்சம் நன்றாகவே இருக்கிறது. கை வைத்தால் பழைய சூடு இல்லை, அவ்வளவுதான். அம்மா இரண்டு நாள் சந்தேகமாகப் பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் கும்பிட்டாள்.

அன்று அப்பா கடையிலிருந்து வந்ததும் தெருவில் நின்று ஜன்னலைப் பார்த்தார். உள்ளே வந்து, என்னைப் பார்க்காமல் கேட்டார். "இது மஞ்சள்தான? தூரத்துலருந்து பாத்தா எப்படித் தெரியும்?"

போனை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினேன். அக்காவை அவள் மாடிக்கு ஏறிப் பார்க்கச் சொன்னேன். அவள் மாடியில் காற்று அடிக்கிற சத்தம் மட்டும் போனில் கேட்டது.

"தெரியுதுட்டி. பழசு மாரி இல்ல, கொஞ்சம் வெளுப்பா இருக்கு. ஆனா தெரியுது."

கீழே வந்து அப்படியே சொன்னேன். அப்பா தலையை ஆட்டிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார்.

வாசல் லைட் ஒன்றுதான் பாக்கி. கான்கிரீட் சன்ஷேடில் துளை போட்டுத்தான் அதை மாட்ட வேண்டும். அதற்கு டிரில்லிங் மெஷின் வேண்டும். எலெக்ட்ரீசியன் கொண்டுவருகிறேன் என்றார். வேண்டாம் அண்ணே, எங்களுக்குத் தெரிந்த ஆள் இருக்கிறார் என்று சொல்லிவிட்டேன்.

அத்தானிடம் பேசியாகிவிட்டது. வருகிற ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மெஷினோடு வருகிறார். முதலில் தயங்கினார். "மாமா ஒண்ணும் சொல்லலன்னா நான் துளையப் போட்டுட்டு வெளியவே நின்னுட்டு வந்துருவேன், என்ன?" என்றார். சரி என்றேன்.

அப்பாவிடம், துளை போட ஆள் வருது என்று மட்டும் சொன்னேன். யாரென்று அவர் கேட்கவில்லை. எதற்கும் யார், எவர், எந்த ஊர் என்று துருவிக் கேட்கிறவர், இதைக் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கடையை மத்தியானம் திறந்துகொள்ளலாம் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்.

நான் செய்யப்போவது இதுதான். பத்து மணிக்கு பைக் சத்தம் கேட்டதும் அம்மா அடுப்படியில் இருப்பாள். நான் ஸ்டூலோடு மாடியில் இருப்பேன். வாசலில் அப்பா மட்டும்தான் இருக்க வேண்டும்.